நானூறு நொடி

காலை ஆறே முக்காலுக்கெல்லாம் மருத்துவமனையின் மூச்சுவாயில் முன்னால் ஊழியர் வரிசை நின்றுவிடும். ஒவ்வொருவராக மஞ்சள் கோட்டில் நின்று, முகக்கவசத்தை இறக்கி, வாயிலின் நெற்றியில் இருக்கும் வலைக்கண்ணைப் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட வேண்டும். பிறகு இடது மணிக்கட்டுப் பட்டையைத் தகட்டில் ஒற்ற வேண்டும். பச்சை எரிந்தால் கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் திறக்காது. சிவப்பு வாங்கியவர் ஒதுக்க விடுதியில் மூன்று நாள் கிடந்து, தொண்டைச் சளிப் பரிசோதனையில் தேறிய பிறகுதான் வேலைக்குத் திரும்பலாம்.

வாயிலுக்குப் பொறுப்பாளர் இருதயராஜ். ஐம்பத்து மூன்று வயது. அதே மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடம் நுண்ணோக்கியோடு குடித்தனம் நடத்தியவர். நுரைக்காய்ச்சல் பரவத் தொடங்கிய நான்காம் வருடம் ஆய்வுக்கூட வேலையை எந்திரங்கள் எடுத்துக்கொண்டன. இவரைக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்துவிட்டார்கள். வேலை என்னவென்றால் திட்டு வாங்குவது. பச்சை வாங்கியவர் பேசாமல் உள்ளே போய்விடுவார். சிவப்பு வாங்கியவர் இவரைத்தான் பிடித்துக்கொள்வார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஏழாம் வார்டு நர்ஸ் தில்லைநாயகி மூச்சு விட்டாள். சிவப்பு.

"மறுபடியுமா?" என்றார் இருதயராஜ்.

"என்னைக் கேட்டா? உங்க மிஷினைக் கேளுங்க சார். இந்த மாசத்துல இது நாலாவது தடவை. முந்தின மூணு தடவையும் சளி டெஸ்ட்டுல ஒண்ணுமில்லைன்னுதான் வந்துச்சு. விடுதியில குடியிருக்கவா நான் வேலைக்குச் சேர்ந்தேன்?"

"நல்லா ஊதினீங்களா?"

"இதுக்கு மேல ஊதினா நுரையீரலே வெளிய வந்துடும்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு விடுதிப் பக்கம் நடந்தாள். ஐந்து நிமிடத்தில் மேட்ரனின் அழைப்பு வந்தது. "அறுபது படுக்கைக்கு அஞ்சு பேர். அதுல ஒருத்தியையும் திருப்பி அனுப்பிட்டீங்க. நீங்க வந்து பார்க்குறீங்களா, இருதயராஜ்?" உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். தேன் தடவிய எந்திரக் குரல் ஒன்று, உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி என்று பதினோரு முறை சொல்லிவிட்டுத் தானாகவே துண்டித்துக்கொண்டது.

வியாழக்கிழமை வாயிலைப் பராமரிக்கும் பொறியாளர் நிலோஃபர் சென்னையிலிருந்து வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவள். அவள் பெட்டியைத் திறக்கும் முன்பே இருதயராஜ் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தம்மாவுக்கு நோயே இல்லம்மா. உங்க மூச்சுவாயில் விடாம சிவப்பு காட்டுது. மூக்கு கெட்டுப்போச்சான்னு பாருங்க."

நிலோஃபர் திரையில் எதையோ புரட்டினாள். "மூக்கு நல்லாத்தான் இருக்கு சார். ஆனா இது மூக்கை வெச்சு முடிவு பண்றதில்ல."

"பின்ன?"

"கிருமி உள்ள போன முதல் ரெண்டு நாள் மூச்சுல ஒண்ணும் தெரியாது. அதுக்குள்ள நாலு பேருக்குக் கொடுத்துடுவாங்க. அதனால இது கணிக்குது. முந்தின ஷிப்டுல அடுத்தவங்க உடம்பை எவ்வளவு நேரம் தொட்டாங்கன்னு பட்டை சொல்லிடும். கையுறை போட்டிருந்தாலும் தெரியும். நானூறு நொடி தாண்டினா சிவப்புப் பக்கம் சாய ஆரம்பிக்கும். தில்லைநாயகி மேடம் திங்கக்கிழமை ரெண்டாயிரத்து முந்நூறு நொடி தொட்டிருக்காங்க."

"அப்ப மூச்சு விடச் சொல்றது எதுக்கு?"

"அதுவும் ஒரு தகவல்தான். நூத்துல ஏழு பங்கு இருக்கும்."

இருதயராஜ் நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு வருடமாக இங்கே உட்கார்ந்து எத்தனை ஆயிரம் பேரிடம் 'நல்லா ஊதுங்க' என்று கத்தியிருப்பார்!

"சிவப்பு வாங்கினவங்கள்ல நிஜமா எத்தனை பேருக்கு நோய் இருக்கு?"

"நூத்துக்கு மூணு பேர்."

"மிச்சம் தொண்ணூத்தேழு பேர்?"

"பச்சை வாங்கினவங்கள்ல ஒருத்தருக்கும் இல்லையே சார். எங்ககிட்ட அதைத்தான் கேட்டாங்க" என்றாள் நிலோஃபர். கெட்டவள் இல்லை. கேட்டதைச் செய்து கொடுத்தவள்.

மறுநாள் காலை இருதயராஜ் டீன் கனகசபாபதியைப் போய்ப் பார்த்தார். டீன் சுவரில் ஓடிக்கொண்டிருந்த எண்ணைக் காட்டினார். "நூத்திப் பத்து நாளா, வாயில் பச்சை காட்டி உள்ள விட்ட நம்ம ஸ்டாஃப் ஒருத்தருக்கும் தொற்று இல்ல. மாநிலத்துலயே முதலிடம். அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"வார்டுல ஆளே இல்லையே சார்."

"எந்திரக் கை இருக்கு. ஊசி போடுது, புரட்டிப் படுக்க வைக்குது, உடம்பு துடைக்குது. நர்ஸ் எதுக்குங்க தொடணும்?"

இருதயராஜ் எரிச்சலோடு இறங்கி வந்தார். விடுதியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த தில்லைநாயகியை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "நானூறு நொடிக்குள்ள முடிச்சுக்குங்கம்மா. பட்டையை ரெண்டு தட்டு தட்டினா எவ்வளவு ஓடியிருக்குன்னு காட்டும். உங்களுக்கும் அலைச்சல் இல்ல, எனக்கும் பேச்சு இல்ல."

அவள் கேட்டுக்கொண்டாள். பட்டையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போனாள்.

அடுத்த ஒன்பது நாளும் பச்சை. மேட்ரன் கத்துவதை நிறுத்தினார். இருதயராஜுக்கு, பல மாதத்துக்குப் பிறகு, உருப்படியாக ஒரு காரியம் செய்த திருப்தி இருந்தது.

பத்தாம் நாள் பச்சை எரிந்து கதவு திறந்தும் தில்லைநாயகி உள்ளே போகவில்லை. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் வரிசையை விட்டு விலகி அவருடைய மேசைக்கு வந்தாள்.

"பதினாலாம் படுக்கையில ஒரு டீச்சரம்மா இருந்தாங்க சார். நேத்து மத்தியானம் போயிட்டாங்க. கடைசி அரைமணி நேரம் கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க. நான் பட்டையைப் பார்த்தேன். முந்நூத்தி எழுபது ஓடியிருந்துச்சு. முப்பது நொடி பிடிச்சேன். அப்புறம் விட்டுட்டேன்."

இருதயராஜ் திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பக்கத்துலதான் நின்னேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டு. அவங்க என்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க." அவள் குரல் உயரவில்லை. "நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க சார். பச்சை வருது பாருங்க."

அவர் திரையில் பழைய பட்டியலை இழுத்துப் பார்த்தார். இரண்டு வருடத்தில் அலுத்துப்போய் வேலையை விட்டவர்கள், மாற்றல் வாங்கிப் போனவர்கள் எல்லோருமே ஆயிரம், இரண்டாயிரம் நொடிக்காரர்கள். தங்கியவர்கள் நூறு, நூற்றைம்பது. நோயாளியைத் தொடாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது இந்த வாயில். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரும்.

"அதைக் கழட்டுங்கம்மா" என்றார்.

"எதை?"

"பட்டையை. கழட்டிட்டு வாயைத் திறங்க."

ஆய்வுக்கூட அலமாரியில் தூசி படிந்து கிடந்த பஞ்சுக்குச்சிகளையும் பரிசோதனைப் பட்டிகளையும் எடுத்து வந்தார். தொண்டையில் ஒற்றி, கரைசலில் முக்கி, இருபது நிமிடம் காத்திருந்தார். ஒற்றைக் கோடு. நோய் இல்லை.

"போங்க. போய் எவ்வளவு தொடணுமோ தொடுங்க. சாயங்காலம் வந்து இதை வாங்கிக்குங்க."

அவளுடைய பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டார். அவர் யாரையும் தொடாத உத்தியோகத்தில் இருப்பவர். ஒரேயடியாகப் பூஜ்யம் காட்டினால் சந்தேகம் வருமே என்று, காவலாளி வீரபாகுவின் கையை இரண்டு நிமிடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீரபாகு ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விஷயம் மெல்லக் கசிந்தது. வார முடிவில் இருதயராஜின் முழுக்கைச் சட்டைக்குள் நான்கு பட்டைகள். அவர் ஐந்தரைக்கே வந்துவிட வேண்டியிருந்தது. குச்சியில் தேறாமல் ஒருவரையும் அவர் வாயிலுக்கு அனுப்பவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, தில்லைநாயகியின் பரிசோதனைப் பட்டியில் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று எழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு தெளிந்தது.

"மூச்சுவாயில் பச்சைதான் காட்டும்" என்றாள் அவள்.

"நான் விட மாட்டேம்மா."

"நானும் போக மாட்டேன் சார்." முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள்.

"என்னாலதான்..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க. நூத்துல மூணு பேர்னு சொன்னீங்களே, அதுல ஒருத்தி."

அன்று மாலையே காய்ச்சல் ஏறி, ஏழாம் வார்டிலேயே அவளைச் சேர்த்தார்கள். டீனின் சுவரில் ஓடிய எண் பூஜ்யத்துக்கு வந்தது. எப்படி நடந்தது என்று விளக்கம் கேட்டு இருதயராஜுக்குக் கடிதம் வந்தது. பட்டைகள் அவர் கையில் இருந்ததையும், நோயைக் குச்சிதான் கண்டுபிடித்தது, வாயில் அல்ல என்பதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு அடுத்த வாரம் தேதி போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் ரோகிணி வந்தாள். அதே வார்டில் நர்ஸ். தொடர்ந்து இருநூற்றுப் பதினான்கு நாள் பச்சை வாங்கி, டீன் கையால் சான்றிதழ் பெற்றவள். இதுவரை இருதயராஜிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தில்லை எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"காய்ச்சல் இறங்குது. மூச்சுதான் இன்னும் சீராகல. நேத்து சாயங்காலம் கையை நீட்டினாங்க சார். யாருன்னு தெரியாமத்தான் நீட்டியிருக்காங்க. கிட்ட போனதும் என் முகத்தைப் பார்த்தாங்க." ரோகிணி தன் பட்டையின் கொக்கியை நெகிழ்த்தினாள். "கையை மடக்கிக்கிட்டாங்க. 'உனக்கு நொடி போயிடும், நீ போ'ன்னு சொன்னாங்க."

அவள் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

அவர் அந்தப் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளவில்லை, அப்படியே மேசைமேல் கிடக்க விட்டார். புதிய குச்சியைப் பிரித்தார். இருபது நிமிடம் கழித்து ஒற்றைக் கோடு வந்தபோது, வீரபாகு சாவியை எடுத்து, பத்திரிகைக்காரர்கள் வரும்போது மட்டும் திறக்கும் பக்கக் கதவைத் திறந்துவிட்டார். ரோகிணி ஏழாம் வார்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அதற்குள் வரிசை தெருவரை நீண்டிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் சார்?" என்று யாரோ கத்தினார்கள்.

"ஆகும். நில்லுங்க" என்று பதிலுக்குக் கத்தினார் இருதயராஜ். "இனிமே எல்லாருக்கும் தொண்டையைப் பார்த்துத்தான் அனுப்புவேன். முதல்ல யாரு? வாங்க, வாயைத் திறங்க."