வெள்ளை உறையில் ஒரு மிட்டாய்

குளிர்காலத்துக் கான்பராவில் மூடுபனிக்குக் கூடச் சோம்பல். காலை பத்து மணியானாலும் எழுந்து போகாது. அப்படியொரு காலையில், பக்கத்து ஊரான குவீன்பியனின் கடைத்தெரு மாடியிலிருந்த வின்னி கால்டரின் துப்பறியும் அலுவலகத்துக்கு எல்ஸ்பெத் டன்பார் வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் காகித உறையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, விரல்களைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள்.

வின்னி உறையைக் கவிழ்த்தாள். ஒரு மிட்டாய், ஒரு நாணயம், மடித்த காகிதக் கைக்குட்டை.

"பொறந்தநாள் விருந்துல குழந்தைங்களுக்குக் குடுப்பாங்களே, அந்த மாதிரி இருக்கு!" என்றான் பார்னி. அமைச்சர்களுக்குக் கார் ஓட்டியே தலை நரைத்தவன். ஓய்வுபெற்ற பிறகு வின்னிக்குக் காரும் காதும் காலும் அவன்தான்.

"இது சாவு வீட்டுல குடுக்கிறது," என்றாள் எல்ஸ்பெத். "சீனாவுல குவாங்சோ பக்கம், அடக்கத்துக்கு வந்தவங்க கையில தருவாங்க. வீட்டு வாசலை மிதிக்கிறதுக்கு முன்னாடி மிட்டாயைத் தின்னுடணும். காசையும் வழியிலேயே விட்டுடணும். வீட்டுக்குள்ள கொண்டுபோனா சாவும் கூடவே வரும்னு நம்புறாங்க."

பார்னி தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"யாரோட சாவு?" என்று கேட்டாள் வின்னி.

"லாம். அங்க எனக்கு மொழிபெயர்ப்பாளரா இருந்தவர்."

எல்ஸ்பெத் இருபது ஆண்டுகளாக ஆசிய விவகார ஆலோசகர். அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். அவள் மட்டும் இருந்தாள். லாமுக்கு இதய நோய் வந்தபோது, சிகிச்சைக்கு இங்கே வர விசா கேட்டார். சீனாவோடு பேச்சுவார்த்தை நடக்கும் நேரத்தில் வேண்டியவருக்குச் சலுகை காட்டியதாகப் பெயர் வரக்கூடாது என்று அமைச்சரிடம் சொன்னவள் அவள்தான். லாம் காத்திருந்தே செத்துப்போனார்.

"அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சது. பூட்டின அறையைத் திறந்தா ஊதுவத்தி வாசனை. என் நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேசையில இந்த உறை. நேத்து, லாம் எனக்குக் குடுத்த கோப்பையில தேநீர் இருந்துச்சு. தொட்டுப் பார்த்தேன். சுட்டுச்சு."

"வெளியே சொன்னீங்களா?"

"சொன்னா மனநல டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. பாதுகாப்பு அனுமதி பறிபோகும். அது இல்லாம ஒரு ஃபைலைக்கூடத் தொடமுடியாது. அப்புறம் நான் ஆலோசகரா? சீன உணவகத்துல ஆர்டர் பண்ணத் தெரிஞ்ச ஒருத்தி, அவ்வளவுதான்." கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். "அடுத்த வாரம் அமைச்சரோட குவாங்சோ போகணும். வரமாட்டேன்னு சொல்லிடலாமான்னு இருக்கு."

எல்ஸ்பெத்தைத் தவிர அவள் அறைச் சாவி வைத்திருந்தவர்கள் இரண்டு பேர்தான். அமைச்சரின் அலுவலகத் தலைவன் லாக்லன் ப்ரீஸ் ஒருவன். ஜப்பான் விவகாரம் பார்க்கும் மூத்த ஆலோசகர் டெஸ்மண்ட் ஹூப்பர் இன்னொருவர். எல்ஸ்பெத்துக்குக் கிடைத்த பதவி தனக்கு வரவேண்டியது என்று இன்னமும் பொருமுகிறவர்.

"டெஸ்மண்ட்தான். பந்தயம் கட்டுறேன்," என்றான் பார்னி, படி இறங்கும்போதே.

அன்று பிற்பகல் பாராளுமன்றம் வெறிச்சோடிக் கிடந்தது. கூட்டத்தொடர் இல்லாத வாரம். நீண்ட தாழ்வாரத்தில் தங்கள் காலடியோசையே யாரோ பின்னால் வருவதுபோல் கேட்டதால், பார்னி இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். எல்ஸ்பெத் தன் அறைக் கதவைத் திறந்தாள். ஊதுவத்தி வாசனை குப்பென்று வந்தது. நாற்காலி சுவரைப் பார்த்தபடி இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல இருக்கையில் ஒரு பள்ளம்.

"மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று முணுமுணுத்த பார்னி வாசற்படியைத் தாண்டவில்லை.

பூட்டுகளைச் சோதிக்க வந்தவள் என்று சொல்லி, வின்னி டெஸ்மண்டையும் லாக்லனையும் அங்கே தேநீருக்கு அழைத்தாள். தட்டில் லாமிங்டன் கேக். டெஸ்மண்ட் புலம்பிக்கொண்டே இரண்டை உள்ளே தள்ளினார். லாக்லன் தட்டை விரலால் நகர்த்தினான்.

"ஐயோ, வேணாம். சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட்டுக்கிறவன் நான்."

"நீங்களும் ஆசியா நிபுணரா?" என்றாள் வின்னி.

"நானா!" லாக்லன் வாய்விட்டுச் சிரித்தான். "பாலி கடற்கரையில பீர் குடிச்சதோட சரி. நூடுல்ஸைக் குச்சியில எடுத்தா மடியிலதான் விழும்."

கிளம்பும்போது வின்னி, தான் அதேபோல் செய்துவைத்திருந்த வெள்ளை உறையை ஆளுக்கொன்றாக நீட்டினாள். "எல்ஸ்பெத் அறையில கிடந்துச்சு. மிட்டாய்தான். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." டெஸ்மண்ட் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார். லாக்லனும் சிரித்தபடியே வாங்கிக்கொண்டான். வின்னி பார்னியைக் கண்ணால் வாசலுக்கு அனுப்பினாள்.

கார் நிறுத்தும் நிலவறை பார்னிக்குத் தன் வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. தூணுக்குப் பின்னால் நின்றான். டெஸ்மண்ட் உறையைக் காருக்குள் எறிந்துவிட்டு ஓட்டிச் சென்றார். பிறகு லாக்லன் வந்தான். வாசலிலிருந்த தொண்டுப் பெட்டியில் நாணயத்தைப் போட்டான். இருபுறமும் பார்த்தான். மிட்டாயைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு கசப்பு மருந்து தின்பவன்போல் மென்று விழுங்கினான். கைக்குட்டையால் வாயைத் துடைத்து, உறையோடு சேர்த்துக் குப்பையில் போட்டான். அந்த வெளிறிய விளக்கொளியில் அவன் முகத்தைப் பார்க்கவே பார்னிக்குப் பயமாயிருந்தது.

கால் மணி நேரத்தில் பார்னி கூட்டிவர, லாக்லன் மறுபடியும் மேலே எல்ஸ்பெத்தின் அறையில், வின்னிக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். எல்ஸ்பெத் ஜன்னலோரம் நின்றாள்.

"கேக்கைத் தொடாதவர் மிட்டாயைத் தின்னிருக்கீங்க," என்றாள் வின்னி.

"சர்க்கரை திடீர்னு இறங்கிடுச்சு. ஊசி போடுறவங்களுக்கு அப்படி ஆகும்."

"ஆகும். ஆனா சர்க்கரை இறங்கினா காசையும் தானம் பண்ணணுமா?"

லாக்லன் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சடங்கை இணையத்துலயே தெரிஞ்சுக்கலாம்," என்று வின்னி நிதானமாகத் தொடர்ந்தாள். "அதனாலதான் தெரியுமான்னு நான் கேக்கல. பயம் இருக்கான்னு பார்த்தேன். அந்தப் பயம் அங்க வாழ்ந்து, அங்க நாலு சாவுக்குப் போனவனுக்குத்தான் வரும். பொறின்னு உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். இருந்தும் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரல. நீங்க பாலியோட நிக்கல, லாக்லன். எத்தனை வருஷம் குவாங்சோவுல?"

அவன் மேசையைப் பார்த்தபடி சொன்னான். "ஆறு. ஒரு கம்பெனி நடத்தினேன். பாதுகாப்பு விசாரணையில அதை மறைச்சிட்டேன்." எல்ஸ்பெத் பக்கம் திரும்பினான். "லாம்தான் எனக்கும் மொழிபெயர்ப்பாளர். அவர் பொண்டாட்டி கையால சாப்பிட்டவன் நான். அவங்க வீட்டுச் சுவர்ல என் படம் தொங்குது. நீ குவாங்சோ போனா, துக்கம் விசாரிக்க அந்த வீட்டுக்குப் போகாம இருப்பியா? அதான், நீ வர்றதுக்கு முன்னாடி உள்ள வந்து ஊதுவத்தி கொளுத்தினேன், தேநீர் வச்சேன். உன்னைப் போகவிடாம பண்ணணும்னு."

"அடப்பாவி! செத்தவரை வச்சு விளையாட உனக்கு வெக்கமா இல்ல?" என்று பார்னி சீறினான்.

லாக்லன் எழுந்தான். "நான் போட்டது நாடகம் மட்டும்தான். அந்த விசா வேணாம்னு சொன்னது நானா?"

அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனான். பார்னி எல்ஸ்பெத் பக்கம் திரும்பினான். "விடுங்க மேடம். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உங்க வேலை தப்பிச்சுது."

"வேலை தப்பிச்சுது," என்றாள் எல்ஸ்பெத். கண் நிறைந்திருந்தது. "பார்னி, பயணத் திட்டத்தை நானேதான் போட்டேன். அமைச்சர் போற இடம், சாப்பிடுற இடம், பரிசு வாங்குற கடை, எல்லாம் இருக்கு. லாம் வீடு இல்ல. போகணும்னு எனக்குத் தோணவே இல்ல. நான் போவேன்னு இவன் நம்பியிருக்கான்."

எல்ஸ்பெத் சுவரைப் பார்த்திருந்த நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, தொலைபேசியை எடுத்தாள். குவாங்சோவில் லாம் வீட்டு எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் குரல் கேட்டதும், அந்த ஊர்ப் பேச்சிலேயே தன் பெயரைச் சொன்னாள்.

மறுமுனை துண்டிக்கப்பட்டது. எல்ஸ்பெத் ஒரு மூச்சை இழுத்துவிட்டு, அதே எண்ணை மறுபடி அழுத்தினாள்.