முகம் பார்க்கும் குழுவின் முன்னால்

"இந்தத் தலையோட என் வீட்டுப் பொண்ணு புரொபசருங்க முன்னால போய் நிக்கக் கூடாது. நேராக்கி விடு."

எர்னெஸ்டினா அம்மாள் இதைச் சொன்னபோது மாத்தே மூலிகைத் தேநீர்க் குடுவையிலிருந்து ஒரு மிடறு உறிஞ்சி முடித்திருந்தாள். மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருடமாக அந்த வீட்டில் டெல்மிராவுக்கு உத்தரவுகள் இப்படித்தான் வந்தன, சுவரைப் பார்த்துச் சொல்வது போல.

டெல்மிரா அடுப்பைத் தணித்தாள். குடும்பக் கடைக்குப் போக வேண்டிய முட்டை இனிப்பு தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது. பெலோட்டாஸ் ஊரில் அந்தக் கடை இனிப்புக்குப் பேர் உண்டு. அதைச் செய்கிறவள் ஒரு கறுப்பு மருமகள் என்பதை மட்டும் ஊருக்குச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"வா, தயினாரா. உக்காரு."

மகள் வந்து உட்கார்ந்தாள். மற்ற நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பாள். இன்று வாயைத் திறக்கவில்லை. அதுதான் டெல்மிராவுக்குப் பயமாக இருந்தது.

அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பில், அரசுப் பள்ளியில் படித்த கறுப்பு, பழுப்பு நிறப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியதில் கடைசியாக ஓர் இடம் மிச்சமிருந்தது. மதிப்பெண் வரிசையில் முதலில் நிற்பவன் ரமீரோ, நாத்தனார் நில்சாவின் மகன். அவனுக்கு அடுத்தவள் தயினாரா. இன்று இருவரும் முகம் பார்க்கும் குழுவின் முன்னால் நிற்க வேண்டும். பாட்டன் யார், பூட்டி யார் என்று அந்தக் குழு கேட்காது. எதிரே நிற்கும் பிள்ளையைத் தெருவில் பார்க்கிறவர்கள் கறுப்பென்றோ பழுப்பென்றோ எண்ணுவார்களா என்பதை மட்டும் பார்க்கும். ரமீரோ தேறிவிட்டால் இடம் அவனுக்கு. அவன் தேறாமல் தயினாரா தேறினால்தான் அவளுக்கு.

ரமீரோ பால் நிறம். மகனை நல்ல தனியார் பள்ளியிலிருந்து பிடுங்கி அரசுப் பள்ளியில் சேர்த்த அன்றே நில்சா கணக்குப் போட்டுவிட்டாள். ஒரு மாதமாக உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு பின்முற்றத்து வெயிலில் கிடந்தான் பிள்ளை. பிப்ரவரிக் கோடை வெயில் மூக்கைச் சிவக்க வைத்ததே தவிர பழுப்பாக்கவில்லை.

ஸ்ட்ரெய்ட்னர் சூடேறியது. டெல்மிரா ஒரு பிடி முடியைப் பிரித்து இழுத்தாள். சுருள் நீண்டு, பளபளவென்று தட்டையாக விழுந்தது. தயினாராவுக்கு அப்பாவின் மூக்கு, அம்மாவின் முடி. முடியை நேராக்கி முகத்துக்குப் பவுடரும் போட்டுவிட்டால், "இத்தாலிக்காரப் பொண்ணு மாதிரி இருக்காளே" என்பார்கள் கடைக்கு வருகிறவர்கள். எர்னெஸ்டினா அம்மாள் மறுக்க மாட்டாள்.

பாதித் தலை முடிந்திருந்தது. நில்சா உள்ளே வந்தாள், பின்னாலேயே ரமீரோ.

"அண்ணி, அவள சீக்கிரம் முடிங்க. இவன் தலைக்கும் கொஞ்சம் கை வைக்கணும்."

"என்ன பண்ணணும்?"

"சுருட்டணும். சின்னச் சின்னதா முறுக்கி, கிரீம் தடவி... உங்க ஆளுங்க பண்ணுவாங்களே. சலூன்ல கேட்டேன், இவன் முடியில நிக்காதுன்னுட்டான். உங்க கைக்கு நிக்கும்."

டெல்மிரா கையிலிருந்த ஸ்ட்ரெய்ட்னரைக் கீழே வைக்கவில்லை. "இதுக்கு எங்கிட்ட வந்தீங்களா நில்சா?"

"வேற யாருகிட்ட போறது? அதுக்குன்னுதான் வீட்டுல நீங்க இருக்கீங்களே."

ரமீரோ தரையைப் பார்த்தான். "வேண்டாம்மா. எனக்கு அசிங்கமா இருக்கு."

"டாக்டர் ஆனப்புறம் வெக்கப்படு. இப்ப உக்காரு."

எர்னெஸ்டினா அம்மாள் கதவருகே வந்து நின்றாள். "செஞ்சு விடு டெல்மிரா. பொண்ணு தலைய நேராக்கு, பையன் தலைய சுருட்டு. ரெண்டும் உன் கைவேலைதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சொல்லிவிட்டாள். அவள் குரலில் ஒளிவு கூட இல்லை. அந்த வீட்டில் யாரும் டெல்மிராவிடம் எதையும் மறைத்ததில்லை. மறைக்கத் தேவைப்படும் அளவுக்கு அவளை யாரும் மதித்ததில்லை.

டெல்மிரா மகளின் தலையைப் பார்த்தாள். ஒரு பக்கம் தட்டையாக, ஒரு பக்கம் சுருளாக. பிறகு ரமீரோவின் தலையைப் பார்த்தாள்.

"அப்ப என் பொண்ண வெள்ளையாக்கி, இவன கறுப்பாக்கி அனுப்பணும். அதானே அத்தை?"

"வார்த்தைய அளந்து பேசு."

"அளந்துதான் பேசறேன்."

"எவன் போனா என்ன? ஒரு சீட்டு இந்தக் குடும்பத்துக்கு வருது. அவ பொண்ணு, நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போறவ. இவன் ஆம்பளப் பிள்ளை, குடும்பப் பேரு நிக்கும்."

டெல்மிராவின் கணவன் அத்ரவால்தோ மேஜை ஓரத்தில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"அம்மா சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. அவன் எந்த வாக்கியத்தையும் தன் தாயின் முன்னால் முடித்ததில்லை.

டெல்மிரா ஸ்ட்ரெய்ட்னரின் ஒயரைப் பிடுங்கினாள். மகளின் கையைப் பிடித்து எழுப்பி, பின்முற்றத்துத் துணி துவைக்கும் தொட்டிக்கு அழைத்துப் போனாள். குழாயைத் திறந்தாள்.

"குனி."

"அம்மா..."

"குனி, கண்ணு."

தண்ணீர் பட்டதும் தட்டையாக்கிய முடி மெல்ல மெல்லச் சுருண்டது. உள்ளே நில்சாவின் குரல் ஏறியது. "பாத்தீங்களாம்மா திமிர? சோறு போட்ட வீட்டுக்கு இவ்வளவுதான் நன்றி."

தொட்டிக்குள் குனிந்தபடியே தயினாரா கேட்டாள். "இத இன்னைக்குப் பண்றீங்க. இத்தனை வருஷம் ஏம்மா பண்ணல? சனிக்கிழமை ஆனா என் காது சுடும். பள்ளிக்கூடத்துல மத்த கறுப்புப் பொண்ணுங்க என்ன 'வெள்ளக்காரி'ன்னு கூப்பிட்டாங்க. நீங்க என்னப் பாத்து வெக்கப்படறீங்கன்னுதான் நான் நினைச்சேன்."

டெல்மிரா குழாயை மூடினாள்.

"நீ குழந்தையா இருக்கும்போது உங்க பாட்டி சொன்னாங்க, இந்தத் தலையோட இவ என் மேஜையில உக்கார மாட்டா, பெரியம்மா வீட்டுலயே விட்டு வளத்துக்கோன்னு. உன்ன விட்டுட்டு என்னால இருக்க முடியல. உன் முடியக் குடுத்துட்டு உன்ன வெச்சுக்கிட்டேன்."

"அப்பவே என்னையும் கூட்டிக்கிட்டு நீங்க வெளிய போயிருக்கணும்."

"போயிருக்கணும்."

தயினாரா நிமிர்ந்தாள். துண்டை வாங்கித் தானே துவட்டிக்கொண்டாள். டெல்மிராவுக்கு மன்னிப்பு அன்று காலையில் கிடைக்கவில்லை.

பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. எர்னெஸ்டினா அம்மாள் முத்துமாலை போட்டு, நிமிர்ந்து, இரண்டு பக்கமும் யாரும் உட்காராதபடி கைப்பையை வைத்திருந்தாள். சலூன்காரன் கடைசியில் ஏதோ செய்து ரமீரோவின் முன்முடியை மட்டும் சுருட்டியிருந்தான். எதிர் பெஞ்சில் டெல்மிராவும், ஈர முடி சட்டைத் தோளை நனைக்க தயினாராவும்.

ஒரு கறுப்புப் பெண் தன் மகனோடு வந்து எர்னெஸ்டினா அம்மாளின் அருகே நின்றாள். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறவள் போல, சீருடை மேலேயே சட்டை போட்டிருந்தாள். "பையக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களாம்மா? கால் வலிக்குது" என்று கேட்டு உட்கார்ந்தாள். சிநேகமாகச் சிரித்தாள்.

"உங்க பேரனா? ராசா மாதிரி இருக்கான். நம்ம அம்மாமாருங்க வெள்ளக்காரங்க வீட்டுத் துணி துவைச்சே செத்தாங்க. நம்ம பேரப்பிள்ளைங்க டாக்டராகறாங்க. நம்ம ஜனத்துக்கு இப்பத்தான் கதவு திறக்குது, இல்லம்மா?"

எர்னெஸ்டினா அம்மாளின் கழுத்து விறைத்தது.

"நம்மளா? யாரு நம்ம?"

"இல்ல, இந்த வரிசையில நிக்கிறோமே, அதான்..."

"எங்கப்பா போர்ச்சுகல்ல இருந்து கப்பல்ல வந்தவரு. எங்க குடும்பத்துல அந்த ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. யாருகிட்டப் பேசறோம்னு பாத்துப் பேசு."

தாழ்வாரத்தில் தலைகள் திரும்பின. பேரனுக்காக எந்தப் பொய்யையும் சொல்லத் துணிந்து வந்தவள்தான் அவள். ஆனால் தன் ரத்தத்தைப் பற்றி ஒருத்தி சந்தேகப்பட்டதைப் பொறுக்க அவளால் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் அறைக் கதவைத் திறந்து குழுவின் பெண் ஒருத்தி ரமீரோவின் பெயரைக் கூப்பிட நின்றிருந்தாள். அவளும் கேட்டாள், ரமீரோவும் கேட்டான்.

அந்தப் பெண் எதுவும் கேட்காத மாதிரி, "ரமீரோ" என்றாள்.

அவன் உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். நில்சா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"என்னடா ஆச்சு?"

"நான் கறுப்பு, பழுப்பு இனத்தைச் சேர்ந்தவன்னு கேமரா முன்னால வாய்விட்டுச் சொல்லணுமாம். சொல்லல."

"ஏன்டா சொல்லல?"

"பாட்டி வெளிய அவ்வளவு சத்தமாச் சொன்னப்புறம் நான் உள்ள என்னத்தச் சொல்றது?"

நில்சா தன் தாயைப் பார்த்தாள். எர்னெஸ்டினா அம்மாள் முத்துமாலையைச் சரி செய்தாள். அந்தத் துப்புரவுப் பெண் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். டெல்மிரா நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள்.

தயினாரா உள்ளே போய் வர நேரமாகவில்லை. அவளை அவர்கள் பார்த்தார்கள். அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

முடிவு வந்தபோது இடம் தயினாராவுக்குக் கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எர்னெஸ்டினா அம்மாள் விருந்து வைத்தாள். தேவாலயத்துத் தோழிகள், வக்கீல் குடும்பம், நகைக்கடைக்காரர் எல்லாரும் வந்தார்கள். நில்சா வரவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மேஜையின் தலைமாட்டில் நின்று எர்னெஸ்டினா அம்மாள் தயினாராவின் தோளில் கை வைத்தாள். அந்தக் கை அந்தத் தோளில் பட்டது டெல்மிராவுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை.

"எங்க வீட்டு முதல் டாக்டர். பொதுப் பட்டியல்லயே எடுத்துட்டா. மத்தவங்க மாதிரி ஒதுக்கீட்டுல இல்ல. எங்க ரத்தம் அப்படி."

விருந்தாளிகள் கை தட்டினார்கள். தயினாராவின் முகம் இருண்டது. அவள் அம்மாவைத் தேடினாள். டெல்மிரா இறைச்சித் தட்டோடு கதவருகே நின்றிருந்தாள். தட்டை மேஜையில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க. அது பொய். கறுப்புப் பிள்ளைங்களுக்குன்னு சட்டம் வெச்ச இடம் அது. என் மக பரீட்சை எழுதி, குழு முன்னால நின்னு, தான் யாருன்னு சொல்லி வாங்கினா. இதுல மறைக்க ஒண்ணும் இல்ல."

"டெல்மிரா, வாய மூடு. குடும்ப மானம் போகுது."

"பொய் சொன்னது நீங்க அத்தை. மானத்துக்கு எங்கிட்ட ஏன் கணக்கு கேக்கறீங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "என் கறுப்ப ஊருக்குத் தெரியாம வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். உங்க பேரனுக்கு அதுவே தேவைப்பட்டப்ப எங்கிட்ட கடன் கேட்டீங்க, அப்பவும் இந்த வீட்டுலதான் இருந்தேன். இப்ப அவ ஜெயிச்சதையும் வெள்ளையடிக்கப் பாக்கறீங்க. இது ஆகாது."

வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"வெளிய போ" என்றாள் எர்னெஸ்டினா அம்மாள்.

"போறேன். நீங்க சொன்னதுக்காக இல்ல."

பெரிதாக எடுத்துப் போக ஒன்றும் இருக்கவில்லை. துணி ஒரு பையில் அடங்கியது. தயினாரா தன் புத்தகங்களைச் சுமந்தாள். வாசல் வரை அத்ரவால்தோ வந்தான். கண் கலங்கியிருந்தது.

"டெல்மிரா... உங்க அக்கா வீட்டுக்குத்தானே? நாளைக்கு நானும் வந்துடறேன். அம்மாகிட்ட எடுத்துச் சொல்லிட்டு..."

"வாங்க. ஆனா யாரையும் கேட்டுட்டு வராதீங்க."

அவன் நின்றுவிட்டான். அவர்கள் நடந்தார்கள். தெருமுனையில் பேருந்துக்குக் காத்திருக்கையில் தயினாரா புத்தகங்களைத் தரையில் வைத்தாள். பிறகு குழந்தையைப் போல அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"இவ்வளவு வருஷமாப் பேச முடிஞ்சும் பேசாம இருந்திருக்கீங்களேம்மா..."

"முடியும்னு எனக்கே தெரியாதுடா கண்ணு."

டெல்மிராவும் அழுதாள். ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பேருந்து வந்ததும் மகளை முன்னால் ஏற்றினாள்.