மேலங்கிக்குள் பன்னிரண்டாவது முகம்

மார்ச் 11, செவ்வாய். பன்னிரண்டாவது முகத்தின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை எடுக்குமுன் புகைப்படம் எடுக்க மறந்தேன். சிறிய தவறு. அடுத்த முறை கேமராவைத்தான் முதலில் தொட வேண்டும்.

பழைய சுவரோவியங்களைச் செப்பனிடக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் குறிப்பேட்டில் நிவேஸ் எழுதியது அவ்வளவுதான். காகிதத்தோடு முகமும் உரிந்து வந்துவிட்டதை அவள் எழுதவில்லை.

மொந்தெல்வா என்ற மலையூரின் உச்சியில், சகோதர சபையின் சிற்றாலயத்துச் சுவர் முழுக்க, பழைய ஓவியமொன்றில் மாதா மேலங்கியை விரித்து நிற்கிறாள். அதற்குள் இருபது பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். சாயம் பொருக்குத் தட்டிய முகங்களின் மேல், அது உதிராமலிருக்க, மெல்லிய காகிதத்தைப் பசைபோட்டு ஒட்டி, சில நாள் கழித்து வெந்நீரால் நனைத்து எடுப்பார்கள். பசை இளகும்வரை பொறுக்க வேண்டும். அன்று அக்கா ஓரியெத்தாவின் பிறந்தநாள். வீட்டில் சாப்பாடு காத்திருந்தது. நிவேஸ் பொறுக்கவில்லை. உள்ளங்கையளவு முகம், கொதித்த பாலின் ஆடைபோல, காகிதத்தோடு எழும்பி வந்தது. யாரும் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்து ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

போன முகத்தைக் கற்பனையால் நிரப்பக் கூடாது. மெல்லிய செங்குத்துக் கோடுகள் மட்டும் போடலாம்; கிட்ட வந்து பார்ப்பவருக்கு இது புதிது என்று தெரிந்துவிட வேண்டும். வகுப்பின் முதல் பாடமே அதுதான். நிவேஸ் அப்போதே வாட்டர்கலரைக் குழைத்து முழு முகத்தையே வரைந்தாள். பக்கத்திலிருப்பவர்களைப் போல இடக் கன்னம் மட்டும் தெரியும் ஒரு பெண் முகம். எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவில்லை. அரை மணியில் முடிந்துவிட்டது. நன்றாகவும் இருந்தது. அதுதான் அவளைத் தின்றது.

மறுநாள் காலை அக்கா பால் காப்பியில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள், நாற்காலியைச் சுவரோரம் பக்கவாட்டில் போட்டு. நிவேஸ் சர்க்கரை எடுக்க மேசையைச் சுற்றிப் போனபோது அக்காவும் நாற்காலியோடு மெல்லத் திரும்பினாள்.

"என்னக்கா, கழுத்து பிடிச்சுக்கிச்சா?"

"காத்து பட்டிருக்கும்டீ. நீதான் ராத்திரி ஜன்னலைத் திறந்து போட்டுட்டுத் தூங்குறியே. பிறந்தநாளுக்கு நீ குடுத்த பரிசு இது!"

சிரித்தாள். இடப்பக்க வாய் மட்டும் சிரித்தது.

வியாழக்கிழமை வகுப்பில் கூடப் படிக்கும் கொர்ராதோ சாரத்தில் ஏறி வந்து பன்னிரண்டாவது முகத்துக்கு நேரே விளக்கைப் பிடித்தான்.

"ஏய், இது உங்க அக்கா மாதிரியே இருக்கே! மூக்கைப் பாரு, அந்தத் திமிரைப் பாரு. எத்தனை தடவை என்னை வேண்டாம்னு சொன்ன மூக்கு அது."

"சும்மா இரு கொர்ராதோ."

"இல்ல, அவங்க எப்படி இங்க? கொள்ளைநோயில செத்தவங்களை மட்டுந்தானே இந்த அங்கிக்குள்ள வரைய விட்டாங்க. உயிரோட இருந்தா பிரபுவுக்குக்கூட இடம் கிடையாது." சொன்ன வாயோடு, கெட்டது அண்டாமலிருக்கச் சாரத்தின் இரும்புக் குழாயைத் தொட்டுக்கொண்டான். "நீயும் தொடுடீ."

நிவேஸ் தொட்டாள். இரும்பு சில்லிட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். காதுக்குக் கீழே அந்தச் சின்ன மரு. அதை அவள் வரைந்த நினைவே இல்லை.

அடுத்து வந்த நாட்களில் வீட்டுக்குள் ஒரு வாசனை வந்து தங்கியது. மழைக்குப் பின் பழைய கிணற்றுச் சுவரில் வருமே, அந்த ஈரச் சுண்ணாம்பின் வாசனை, முதலில் மாடிப்படியில், பிறகு துவாலைகளில், பிறகு சூப்பின் ஆவியில்கூட. அக்காவின் தலையணையில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருந்தது. அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குள் நடக்கும்போது வலத் தோளைச் சுவரில் உரசிக்கொண்டே நடந்தாள். காய்ந்த காரையைக் கரண்டியால் வழிப்பதுபோல் அந்த உரசல் அறைக்கு அறை நகர்வதைக் கேட்டபடி, நிவேஸ் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். செவ்வாயன்று டாக்டருக்குப் போன் செய்யப் போனாள். அக்கா தடுத்தாள். அப்போதும் திரும்பவில்லை.

எல்லாவற்றுக்கும் தன் குற்ற உணர்ச்சிதான் காரணம், சொல்லிவிட்டால் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். மார்ச் 20, வியாழக்கிழமை, வகுப்பு தொடங்குமுன் பெர்த்தில்லா டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காகிதம், வெந்நீர், அவசரம், பொய்.

"அட, இதுக்குப் போயா இத்தனை நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தே? நான் படிக்கிறப்போ ஓவியத்துல இருந்த ஒரு தேவதூதனோட காலையே காணாம அடிச்சவ. வா, பாப்போம்."

டீச்சர் சாரத்தில் ஏறினாள். ஈரப்பஞ்சை எடுத்து முகத்தின் நெற்றியோரத்தில் இரண்டு தடவை உருட்டினாள். பழுப்பு முடி பஞ்சுக்கு வந்துவிட்டது. கீழே வெறும் சாம்பல் காரை.

"பாத்தியா? வெண்ணெய் மாதிரி வருது. இன்னிக்குப் பாடம் இருக்கு. நாளைக்கு மிச்சத்தைத் துடைச்சுட்டுக் கோடு போட்டுடு. யார் போட்டாங்களோ அவங்கதான் எடுக்கணும், சரியா?"

"சரி டீச்சர்."

ஒன்பது நாட்களுக்குப் பிறகு மூச்சு நெஞ்சின் அடிவரை போனது. நிவேஸ் கற்படிகளில் ஏறக்குறைய ஓடி இறங்கினாள்.

சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா சுவரோரம் மண்டியிட்டிருந்தாள். கைகள் குவிந்திருந்தன. இடக் கன்னம் இந்தப் பக்கம்.

"அக்கா?"

நெற்றியோரத்தில் முடி இல்லை. தோலும் இல்லை. இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறம். ஈரம். அதில் பஞ்சின் ஒரு இழை.

நிவேஸ் தோளைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. இழுத்தாள். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. சுவருக்கும் தோளுக்கும் நடுவே தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் அக்கா இல்லை.

தட்டையாக இருந்தது. சொரசொரப்பு. காரை பிடிப்பதற்காகக் கொத்திவிட்ட உளித் தடங்கள், உச்சி முதல் முழங்கால் வரை.

"நிவேஸ்," என்றது பாதி வாய். "நெத்தியோரம் ஈரமா இருக்குடீ. என்னன்னு பாரேன்."

துடைத்தால் அக்கா போய்விடுவாள். துடைக்காவிட்டால் இப்படியே, அந்தச் சுவர் நிற்கும்வரை.

நிவேஸ் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். குறிப்பேட்டைத் திறந்தாள். அவள் எழுதுவதை அந்த ஒற்றைக் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. இமைக்கவில்லை.

மார்ச் 20, வியாழன். தவறை டீச்சரிடம் சொல்லிவிட்டேன். நாளை மாலை ஆறு மணிக்கு: பன்னிரண்டாவது முகத்தை ஈரப்பஞ்சால் முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். செய்பவள்: நான்.