எண்ணுவதற்கு முன் எடுத்த படம்

கடன் அதிகாரி வந்து உட்கார்ந்து கால் மணி நேரமாகியும் வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்தவர் அவளை அவசரப்படுத்தவுமில்லை. முப்பது வருடம் வங்கிகளைத் தணிக்கை செய்து ஓய்வுபெற்றவர். மௌனம் அவருக்குப் பழகிய நாற்காலி. அவருடைய மச்சினனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது முறையாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

கடைசியில் சொன்னாள். மூன்று கம்பெனிகள், மூன்று முதலாளிகள். மர உருளைகளில் சுற்றிய செம்புக் கம்பியை அடமானம் வைத்து அவள் வங்கியில் பெருங்கடன் வாங்கியவர்கள். ஒரே வாரத்தில் மூவரும் கைவிரித்துவிட்டார்கள். கிடங்குகளைத் திறந்தால், மூன்றாவதில் மட்டும் சரக்கு. மற்ற இரண்டும் துடைத்துவைத்ததுபோல் காலி. போன மாதம் மூன்றும் நிறைந்திருப்பதாகக் கையெழுத்துப் போட்டவள் அவள். லஞ்சம் வாங்கினாள் என்று நாளை மறுநாள் விசாரணை. வேலை போகும், சிறைக்கும் போகலாம்.

"நான் எண்ணினேன் சார். ஒவ்வொண்ணா எண்ணினேன்."

எப்படி என்று கேட்டார். உள்ளே நுழைந்ததும் முதலில் படம் எடுப்பாள். பிறகுதான் எண்ணிக்கை. எண்ணியதையே திரும்ப எண்ணாமலிருக்க ஒவ்வோர் உருளையிலும் சாக்பீஸால் ஒரு டிக். வால் நீண்டு சுருளும் அந்த டிக்கைப் பல்லி என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். ஒரே நாளில் முடிக்கத்தான் நினைத்தாள். பொது மேலாளர்தான் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று, நாளுக்கு ஒரு கிடங்காகத் தேதி குறித்துக் கொடுத்தார். மூன்றாவது கிடங்கில் ஓர் உருளை குறைந்தது. அதையும் எழுதியிருந்தாள். அந்த முதலாளியே குழம்பிப்போனார்.

"யாரோ திருடிட்டாங்க அத்தான். காவலாளியக் கூப்பிட்டு ரெண்டு அதட்டு அதட்டினா போதும்" என்றான் மச்சினன்.

"நாப்பது லாரி சரக்குடா. அவன் சம்பளத்துல லாரிக்கு டீசல்கூடப் போட முடியாது."

படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாவது கிடங்கின் படத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது எண்ணுறதுக்கு முன்னாடி எடுத்ததுதானே?"

"எப்பவுமே முன்னாடிதான் சார்."

"அப்போ இந்தப் பல்லி எப்படி வந்தது?"

பின் வரிசையில், ஓர் உருளையின் ஓரத்தில், அவள் கைப்பட்ட சுருள் வால். அவள் படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள்.

அவர் நிதானமாக விளக்கினார். சரக்கு ஒன்றுதான். அவள் ஒரு கிடங்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனதும் அதே உருளைகள் அடுத்த கிடங்குக்கு லாரி ஏறின. டிக்குகளை அழித்தவர்கள் ஒன்றைத் தவறவிட்டார்கள். அவளும் அதைப் பார்த்து, எண்ணியாகிவிட்டது என்று தாண்டிப் போயிருக்கிறாள். அதனால்தான் ஒன்று குறைந்தது.

"காசு வாங்கினவங்க ஒண்ணு குறையுதுன்னு எழுத மாட்டாங்கம்மா. அந்த ஒரு உருளைதான் உங்களைக் காப்பாத்தும். அது இன்னும் அங்கேயே இருக்கும். படத்துல இருக்கற இந்தப் பழைய டிக் மட்டும்தான் அதுல இருக்கணும், புதுசா இன்னொண்ணு இருக்காது."

"இடையில ராத்திரி விட்டது..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். தேதி குறித்த கையை அவளுக்குத் தெரியும்.

"மூணு முதலாளின்னு காட்டினதும் வங்கியை ஏமாத்தத்தான். ஒருத்தன் விழுந்தா மத்த ரெண்டு பேர் தாங்குவாங்கன்னு வங்கி நம்பணும். உண்மையில மூணும் ஒரே கடன்."

"இது வெளிய வந்தா வங்கி நிக்குமா சார்?"

அவர் படங்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தார். "தெரியலம்மா."

மறுநாள் காலை, வங்கிகளின் மேற்பார்வை ஆணையத்தில் எல்லாவற்றையும் சொல்லப் போகும் முன், அறிக்கையின் மூலப் பிரதியை எடுக்கக் கிளைக்குப் போனாள். அவளைக் காரில் கொண்டுவந்து விட்ட மச்சினன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "உங்கம்மா வீடு வித்த பணம் இங்கதான் இருக்குன்னீங்களே. முதல்ல அம்மா பேர்ல இருக்கறத எடுத்துடுங்கக்கா."

கவுண்டரில் எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் பணம் கட்ட வந்தவர். நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். காசாளர் அவளைக் கண்டு சிரித்தாள்.

"அம்மா நல்லாருக்காங்களா மேடம்? பணம் ஏதும் எடுக்கணுமா?"

அவள் அந்த எட்டுப் பேரையும் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் வெளியே வந்தாள்.