நிலைப்படிக்குக் குறுக்கே

பிட்கோஷ்ச் நகரத்தில் பிர்தா ஆற்றுக்குள்ளேயே சுவர் இறக்கிக் கட்டிய பழைய வீடுகள் உண்டு. அந்தப் பக்கத்துக்கு எங்களூரில் வெனிஸ் என்று பேர். அங்கே ஒரு மாடிக்கு என் மகள் யாக்னா புதிதாகக் குடிவந்திருந்தாள். அவளுக்கு நிறைமாசம். நவம்பரில் ஒரு ஞாயிறு, புளித்த முட்டைக்கோஸ் ஒரு ஜாடியோடு அவளைப் பார்க்கப் போனேன்.

மதியத்திலேயே மூடுபனி ஆற்றை விழுங்கியிருந்தது. படிக்கட்டில் நிலக்கரிப் புகையும் ஈரச் சுண்ணாம்பும் மணத்தன. ஆயுள் முழுக்கச் செங்கல் சுமந்த முழங்கால் ஒவ்வொரு படிக்கும் முனகியது.

"கிரீச்சுன்னது படியா, உங்க முட்டியாப்பா?" என்றாள் யாக்னா.

மாப்பிள்ளை வீடெக் எனக்காகக் கேக் வாங்கி வரக் கிளம்பினான். அவள் டீ போட அடுப்படிக்குப் போனாள்.

கதவைத் தட்டும் சத்தம்.

திறந்தேன். படிக்கட்டு இருட்டில் ஓர் ஆள். தொப்பி முகத்தை மறைத்திருந்தது. உள்ளே வரவில்லை, பேசவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

எங்கள் ஜனங்களில் எவ்வளவு குடித்தவனும் நிலைப்படிக்குக் குறுக்கே கை குலுக்க மாட்டான். அவன் உள்ளே வர வேண்டும், இல்லை நாம் வெளியே போக வேண்டும். அது எனக்கும் தெரியும். ஆனால் நீண்டிருந்தது சுண்ணாம்பு தின்ற விரல்களுள்ள கொத்தனார் கை. நம்ம ஆள்தானே என்று நினைத்துவிட்டேன். முட்டியும் வலித்தது. நின்ற இடத்திலிருந்தே கொடுத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

விடவில்லை.

என்னை வெளியே இழுக்கவும் இல்லை. கிணற்றிலிருந்து ஏறுகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டு அது உள்ளே வந்தது. ஆற்றுச் சேற்று நாற்றம் என் தோளை உரசிக்கொண்டு போனது.

வாசலில் யாருமில்லை.

கீழே பூட்டு திறக்கும் சத்தம். வீடெக் கேக்கோடு ஏறி வந்தான். "கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு யாரைப் பாக்குறீங்க மாமா? தெருக்கதவ நான் பூட்டிட்டுல்ல போனேன்."

யாக்னா வந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தாள்.

"அப்பா," என்று கிசுகிசுத்தாள். "குறுக்க கை குடுத்தீங்களா?"

அவளுக்கு என் முகமே போதும். அப்போதே இருவரையும் டிராமில் ஏற்றி, ஊரின் மறுகோடியில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

என் வீட்டில் ஆற்று வாடை இல்லை. எதிரே வீடெக் கேக்கை வெட்டினான். பக்கத்தில் யாக்னா. பிள்ளை உதைக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் மூச்சு வந்தது.

அப்புறம், குனிந்தபடியே, மெல்லச் சொன்னாள்.

"கையை எடுங்கப்பா. வயித்துல ரொம்ப ஜில்லுன்னு இருக்கு."

என் இரண்டு கைகளும் டீக் கிளாஸைப் பிடித்திருந்தன.