கரோலின் சிஸ்டர் கேட்ட பெயர்

பாட்டில் காலியாகவே இல்லை. கண்ணில் ஊற்றும் அரை லிட்டர் சலைன் எவ்வளவு நேரம் வரும்? கண்ணை இறுக்கி மூடிக் கட்டிலில் கிடந்த தாமோதரனுக்கு, சிஸ்டர் ஒரு தடவைகூடப் பாட்டிலை மாற்றவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நீர் இமைமேல் ஓடி, காதுக்குள் இறங்கி, காலர் வழியாக முதுகை நனைத்துக்கொண்டிருக்க, பிளீச்சிங் பவுடர் நெடிக்கு அடியிலிருந்து முட்டைக்கோஸ் அழுகின வாசனை ஒன்று மெல்ல மேலே வந்தது.

மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு அவன் சேஃப்டி ஆபீசர். மதியம் வால்வு பிய்த்துக்கொண்டு கெமிக்கல் முகத்தில் அடித்தது. கண் கழுவ வைத்திருந்த குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய மகராசனும் அவனேதான். சாவியோ என்ற டிரைவர் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் அவனைப் படுக்க வைத்துவிட்டு வண்டியை ஓரங்கட்டப் போயிருந்தான்.

"இன்னா கெமிக்கல் சார் அது? பேர் தெரிஞ்சாதானே மருந்து குடுக்க முடியும்."

"ஒண்ணுமில்ல. வெறும் நீராவி." பழக்கதோஷம், தானாக வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் குரல் யாருடையது என்று புரிந்தது. ஆறு மாதம் முன்பு கேஸ் கசிந்த அன்று, இதே குரல் போனில் இதையே கேட்டது. இதே பதிலைத்தான் சொன்னான். அதை நம்பித்தான் கரோலின் சிஸ்டர் மாஸ்க்கூட இல்லாமல், கேஸில் சிக்கிய பதினொரு பேரின் துணியைக் கழற்றிக் கண் கழுவிவிட்டாள். பதினொரு பேரும் செத்தார்கள். நாலாம் நாள் அவளும் செத்தாள். கம்பெனி சார்பில் மாலை போட்டுவிட்டு வந்தது இந்தப் பாவிதான்.

எழப் பார்த்தான். நெஞ்சில் ஒரு கை. ஈரமாக.

கட்டிலைச் சுற்றி இருமல். ஒன்று. நாலு. அதற்குமேல் எண்ண முடியவில்லை.

"சாவியோ."

யாரும் வரவில்லை.

"கண்ணு பூடும் சார். சொல்லுங்க."

சொன்னான். முழுப் பெயரையும் சொன்னான். அன்றைக்குக் கசிந்ததும் அதுதான் என்றான். தெரிந்தேதான் மறைத்தேன் என்று அழுதான்.

"எல்லாரும் கேட்டுகினீங்களா?" அவள் கேட்டது அவனை அல்ல.

இரண்டு விரல் இமையைப் பிரித்தது.

பதினொரு பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். துணியில்லை. தோலில்லை. கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் மக்.

"இட்சிக்காம ஒவ்வொருத்தரா வாங்க. டைம் கீது. ஆளுக்குப் பதினஞ்சு நிமிசம் கண்ணு கழுவணும்."

முதலில் நின்ற பெண் குனிந்து மக்கைச் சாய்த்தாள். அதிலிருந்தது மஞ்சளாகப் புகைந்தது.