விலக்கத்தக்கவர் யார்?

வேளாண் கல்லூரியின் ஆவண அறையில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று இடி இல்லை, மழை இல்லை, சகுனமும் இல்லை. நாட்குறிப்பை இருமுறை புரட்டிச் சரிபார்த்துவிட்டேன். காலை ஒன்பதரை. பழைய கட்டடத்தின் பின்புறம் நீளமான ஓர் அறை; கூரைவரை இரும்பு அடுக்குகள். வேலைக்கு நான்கு பேர். பொறுப்பாளர், டைப்பிஸ்ட் அக்கா, பைண்டரான என் அண்ணன், பட்டியல் எழுத நான். நான் மாலையில் பொருளாதார வகுப்புக்குப் போகிறவள் என்று சொல்லி அண்ணன்தான் என்னைச் சேர்த்துவிட்டான்.

வேளாண் பொருளாதாரத்தை அங்கே முதன்முதலில் நடத்திய பேராசிரியர் விட்டுப்போன தாள்களை ஒழுங்குபடுத்த வேண்டும். பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், பயிற்சிக் கணக்குகள். பெட்டியைத் திறந்தால் புழுங்கிய தவிட்டு வாடை. பொடிப்பொடியான, நிமிர்ந்த கையெழுத்து. கணக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சு:

‘வயலில் ஏழு பேர். ஒருவரை விலக்கியும் விளைச்சல் குறையவில்லை எனில் அவர் உபரி. விலக்கத்தக்கவர் யார்? பெயர் வேண்டாம், தொழிலைக் குறிப்பிடுக.’

“நம்ம சார் மாதிரியே,” என்றாள் அக்கா. “ரெண்டு வருஷமா என்னை ‘ஏம்மா டைப்பிஸ்ட்’னுதான் கூப்பிடறார்.”

“பேரைச் சொன்னா பாசம் வந்துடும்கா,” என்றான் அண்ணன். “அப்புறம் லீவு குடுக்கணும்ல.”

ஒன்பதாம் நாள் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. ‘ஓர் அறையில் நான்கு பேர். நாளுக்கு நூறு தாள். ஒருவரை விலக்கியும் நூறு தாள். விலக்கத்தக்கவர் யார்?’

எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆவணத்தில் எழுதக் கூடாது என்று தெரியும். ஆனாலும் விடை தெரிந்த கணக்கை வெறுமனே விட எனக்குக் கை வராது. யார் எவ்வளவு வேலை செய்கிறோம் என்று தினமும் குறித்து வைத்திருந்தேன். அக்காவின் வேலை பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். பின்னால் அழித்துக்கொள்ளலாம் என்று பென்சிலால் மெல்ல எழுதினேன்: டைப்பிஸ்ட்.

மறுநாள் பதினொன்றரைக்கு, தரையோடு பூட்டியிருந்த அடுக்கு ஒன்று சாய்ந்தது.

மூவரும் சேர்ந்து அதைத் தூக்கினோம். அக்காவுக்கு முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை. விரல்கள் மட்டும் டைப் அடிப்பதுபோலத் தரையில் சிறிது நேரம் அசைந்தன.

ஒரு வாரம் கழித்து அறையைத் திறந்தார்கள். அழிப்பதற்காகத் தாளை எடுத்தேன்.

என் விடையின் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் ‘சரி. 10/10.’

அதன் கீழே, அதே பொடிக் கையெழுத்தில், மை காயாமல்: ‘இப்போது மூவர். விலக்கத்தக்கவர் யார்?’

நான் எதையும் எழுதவில்லை. தாளைப் பெட்டியில் போட்டுக் கயிற்றால் கட்டினேன். அன்று மதியம் அண்ணன் கட்டிங் மெஷினில் அட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். கைப்பிடியை அவன் தொடவே இல்லை.

கத்தி இறங்கியது.

“பயப்படாத, கணக்குப்புள்ள,” என்றான். உதடு வெளுத்திருந்தது. “இன்னும் ஒன்பது இருக்கு.”

தாளில் சிவப்பாக இரண்டே சொற்கள்: ‘விடை இல்லை.’

வகுப்பில் சொல்லிக்கொடுத்த முறைப்படி, படிப்படியாக, யாரையும் விலக்க முடியாது என்று நிறுவி எழுதினேன். மறுநாள் அண்ணன் மெஷின் பக்கமே போகவில்லை. மூலையில் உட்கார்ந்து புத்தகம் தைத்துக்கொண்டிருந்தான். அவன் விரல்களில் சுற்றியிருந்த நூல் தானே இறுகத் தொடங்கியது. கத்தரிக்கோலை நான் தேடி எடுப்பதற்குள் அது எலும்பைத் தாண்டிவிட்டது. இரண்டு விரல்கள்.

‘தவறு. மீண்டும் செய்க.’

என் தொழிலையே எழுதியிருக்கலாம். எழுதத்தான் பென்சிலைத் தாளில் வைத்தேன். அந்த இடத்தில் ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. கை நகரவில்லை. நான் நல்லவள்தானா என்று கேட்டால் அந்தப் புள்ளியைத்தான் காட்ட வேண்டும்.

அதன் பக்கத்தில் எழுதினேன்: பொறுப்பாளர்.

மறுநாள் காலை அவர் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். “இந்தச் சனியனை இன்னிக்கே ஒழிச்சுக் கட்டறேன். ஏம்மா பட்டியல், அந்த டார்ச்சைக் குடு.” வாங்கிக்கொண்டு கத்திக்கு அடியில் தலையை நீட்டினார்.

‘சார்’ என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கட்டுப் போட்ட அண்ணனின் கை கண்ணில் பட்டது.

வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே வெட்டு. டார்ச் உருண்டு வந்து என் காலில் மோதியது. அதன் வெளிச்சம், தனியே கிடந்த முகத்தின்மேல் விழுந்திருந்தது. இமைகள் இரண்டு முறை மூடித் திறந்தன.

மெஷினை எடுத்துப் போய்விட்டார்கள். அந்தத் தாளை நான் கழிவறையில் எரித்து, கடைசித் துணுக்குவரை தண்ணீரில் விட்டேன். புதிதாக யாரையும் போடவில்லை. இருவரே போதும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. எட்டு நாள் எதுவும் நடக்கவில்லை. அண்ணன் பிழைத்துவிட்டான் என்று நாட்குறிப்பில் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் நான் உள்ளே நுழைந்தபோது அவன் மேஜையில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தான்.

“வா வா. பெட்டிக்கு அடியில ஒரு கணக்குக் கெடந்துது. உன் பரீட்சைல வருமேன்னு போட்டுப் பாத்தேன். சின்னக் கணக்குதான், ரெண்டே பேரு.”

“அண்ணா, அதைக் கீழ வை.”

“இரு, விடையக் கேளு. எனக்கே வந்துடுச்சுன்னா பாத்துக்க.” கட்டுப் போட்ட கையை ஆட்டிச் சிரித்தான். “வெரல் இல்லாத பைண்டரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பைண்டர்னு எழுதிட்டேன். சரிதானே?”

பாய்ந்து தாளைப் பிடுங்கினேன். பென்சிலால் அல்ல, பேனாவால் எழுதியிருந்தான்.

என் கையிலிருந்த தாளில், எவரும் தொடாமல், சிவப்பாக ஓர் ஒன்று விழுந்தது. அதன் பக்கத்தில் பூஜ்யம் மெல்ல வளையத் தொடங்கியது.